காலிங் பெல்லுக்குச் சாவிப் பூட்டு: ஒலியை நிறுத்தி, அழைப்பை நிறுத்தாமல்

பகலில் உறங்க வேண்டியவர் இருக்கும் வீடு, கைக்குழந்தை இருக்கும் வீடு, ஒலிப்பதிவு நடக்கும் அறை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும் நோயாளி இருக்கும் இடம். இங்கெல்லாம் வாசல் மணியைச் சில மணி நேரம் அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. வயரில் ஒரு சாதாரண சுவிட்சைச் சேர்த்தாலே மணி அடங்கும். ஆனால் அந்த சுவிட்சை யார் வேண்டுமானாலும் தட்டலாம். குழந்தை விளையாட்டாக அணைத்துவிட்டுப் போனால் மணி ஊமையாகிக் கிடப்பது நாட்கணக்கில் யாருக்கும் தெரியாது. சாவி சுவிட்ச் போட்டால் அடக்குவதும் திறப்பதும் சாவி வைத்திருப்பவரின் பொறுப்பு.

வழக்கமான வரைபடம் இத்தோடு நின்றுவிடும்: மணிக்குப் போகும் வயரை வெட்டு, இடையில் சாவி சுவிட்சைப் போடு. மணி அடங்கும், தொல்லை அடங்காது. வந்தவர் அழுத்துகிறார், உள்ளே ஓசை கேட்கவில்லை, பெல் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கதவைத் தட்டுகிறார், பிறகு இடிக்கிறார். உறங்குபவர் மணிச் சத்தத்தைவிட மோசமான சத்தத்தில் எழுகிறார். உள்ளே விழித்திருப்பவருக்கோ யாரோ வந்து நிற்பதே தெரியாது. ஆகவே இங்கே விவரிக்கும் அமைப்பில் சாவி ஒலியை மட்டும் நிறுத்துகிறது. அழுத்தம் விளக்காக உள்ளே வந்து சேர்கிறது, பூட்டியிருப்பதை இன்னொரு விளக்கு காட்டுகிறது, திறக்க மறந்தால் இரண்டு மணி நேரத்தில் மணி தானே உயிர் பெறுகிறது.

சாவி சுவிட்சைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் இரண்டு வகை எளிதில் கிடைக்கும். ஒன்று, 12 மி.மீ. ஓட்டையில் உட்காரும் சிறிய உருளைச் சாவி சுவிட்ச். பின்னால் சால்டர் செய்யும் கால்கள் இருக்கும். இவற்றில் பல அரை ஆம்பியருக்கே தயாரானவை. மற்றொன்று, கட்டுப்பாட்டுப் பலகைகளில் பார்க்கும் 22 மி.மீ. சாவி சுவிட்ச். இதன் பின்னால் கான்டாக்ட் பிளாக்குகளை, அதாவது வயரைச் சேர்த்துப் பிரிக்கும் சிறு கட்டைகளை, தேவைக்கேற்ப ஒட்ட வைத்துச் சேர்க்கலாம். ‘டிங் டாங்’ என்று அடிக்கும் சாலினாய்டு மணி (மின்காந்தச் சுருள் ஒரு தண்டை இழுத்து அடிக்கும் வகை) 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். அதற்குச் சிறிய சுவிட்ச் போதாது, 22 மி.மீ. வகையே சரி. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமக்கு மூன்று கான்டாக்ட் தேவை, அதைச் சிறிய வகை தராது.

வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, திருப்பிய இடத்திலேயே நிற்கும் இரண்டு நிலைச் சுவிட்சா என்பது. விட்டவுடன் ஸ்பிரிங்கால் திரும்பும் வகை இதற்கு ஆகாது. இரண்டாவது, சாவியை எந்த நிலையில் உருவ முடியும் என்பது. சில சுவிட்சுகளில் ஒரே நிலையில்தான் சாவி வெளியே வரும்; அப்படியானால் மணியைப் பூட்டிய பிறகும் சாவி அங்கேயே தொங்கும், யாரும் திருப்பலாம். இரண்டு நிலையிலும் சாவி உருவப்படும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, சாவி எண். தொழிற்சாலைச் சாவி சுவிட்சுகள் பெரும்பாலும் ஒரே எண்ணில் வருகின்றன; 455 என்ற எண் பொறித்த சாவி பல பலகைகளைத் திறக்கும். வீட்டுக்குள் இருக்கும் மணிப் பூட்டுக்கு இது பெரிய குறையல்ல. வெளியே வைப்பதாக இருந்தால் வேறு எண் கேளுங்கள்.

கான்டாக்ட் பிளாக்கின் முனை எண்ணே அது என்ன வகை என்று சொல்லிவிடும். 1, 2 என்று முடிந்தால் என்சி, அதாவது சும்மா இருக்கும்போது சேர்ந்திருப்பது. 3, 4 என்று முடிந்தால் என்ஓ, சும்மா இருக்கும்போது பிரிந்திருப்பது. இந்த அமைப்புக்கு ஒரு என்சி, இரண்டு என்ஓ வேண்டும்.

மணிக்குப் போகும் வழியை என்சி வழியாகக் கொண்டுபோவது வேண்டுமென்றே எடுத்த முடிவு. பிளாக் என்றாவது கிளிப்பிலிருந்து கழன்றால், தள்ளும் முளை இல்லாததால் என்சி சேர்ந்தே இருக்கும். மணி அடித்துக்கொண்டே இருக்கும். என்ஓ வழியாகப் போட்டிருந்தால் அதே பழுதில் மணி ஊமையாகிவிடும். பூட்டு கெட்டால் மணி ஒலிக்க வேண்டும், அடங்கக் கூடாது.

எந்த வயரை வெட்டுவது

டிரான்ஸ்ஃபார்மரின் தாழ் மின்னழுத்தப் பக்கத்தின் இரண்டு முனைகளை ‘அ’, ‘ஆ’ என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ வாசலில் உள்ள பெல் புஷ்ஷுக்குப் போகிறது. புஷ்ஷின் மறுமுனையிலிருந்து ஒரு வயர் திரும்பி மணிக்குள் ‘ஃப்ரண்ட்’ முனையில் சேர்கிறது. இதைத் திரும்பு வயர் என்போம். மணியின் ‘டிரான்ஸ்’ முனை ‘ஆ’வுக்குப் போகிறது. பின்வாசல் புஷ் இருந்தால் அதன் திரும்பு வயர் ‘ரியர்’ முனையில் இருக்கும்.

வெட்ட வேண்டியது முன்வாசலின் திரும்பு வயர் மட்டுமே, அதுவும் மணிக்குப் பக்கத்தில். ‘டிரான்ஸ்’ வயரை வெட்டினால் இரண்டு வாசலும் சேர்ந்து ஊமையாகும். பின்வாசலையும் பூட்ட விரும்பினாலும் அதற்குத் தனி என்சி பிளாக் சேர்ப்பதே நல்லது; இரண்டு திரும்பு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் எந்த வாசலில் ஆள் என்று மணியால் சொல்ல முடியாது.

வயர்கள் ஒரே நிறத்தில் இருந்தால் ஊகிக்க வேண்டாம். மெயின் எம்சிபியை இறக்குங்கள். மணியின் ‘ஃப்ரண்ட்’ முனையில் உள்ள வயரைக் கழற்றி, வாசலில் புஷ்ஷின் இரண்டு வயரையும் கழற்றி, மல்டிமீட்டரின் கன்டின்யூட்டி ஒலியால் எந்த வயர் எது என்று கண்டுபிடித்து நாடா ஒட்டிக் குறித்துவிடுங்கள். சாலினாய்டு சுருளையும் இப்போதே அளந்துகொள்ளலாம். ‘ஃப்ரண்ட்’டுக்கும் ‘டிரான்ஸ்’ஸுக்கும் இடையே சில ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் ஏற்கெனவே எரிந்துவிட்டது. பூட்டைப் போட்ட பிறகு இது தெரிந்தால் பழி பூட்டின் மீது விழும்.

தேவைப்படும் பாகங்கள்

டிரான்ஸ்ஃபார்மர் 12 வோல்ட் ஏசி, 1 ஆம்பியருக்குக் குறையாதது. இரண்டு நிலை 22 மி.மீ. சாவி சுவிட்ச் ஒன்று. என்சி பிளாக் 1, என்ஓ பிளாக் 2. மூன்று ஓட்டை உள்ள பிளாஸ்டிக் புஷ்பட்டன் பெட்டி ஒன்று. சிவப்பு எல்இடி 1, மஞ்சள் எல்இடி 1, பொருத்தும் கூடுகளோடு. 1 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் 2. 1என்4148 டயோடு 3. நான்கு நிறத்தில் 0.5 சதுர மி.மீ. பல்லிழை வயர், நுனிக்கு ஃபெருல்கள் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல்கள்).

தானே திறக்கும் டைமருக்குத் தனியாக: சிடி4060 ஐசி (துடிப்புகளை எண்ணும் சில்லு) 1, பிசி547பி டிரான்சிஸ்டர் 1, 12 வோல்ட் டிசி சுருள் கொண்ட இரண்டு துருவ ரிலே 1 (சுருளில் மின்சாரம் வந்தால் இரண்டு தனித்தனிக் கான்டாக்டை மாற்றும் சுவிட்ச்; சுருள் 45 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காதது), 1 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது) 1, 7812 ரெகுலேட்டர் (12 வோல்ட்டில் நிலைநிறுத்துவது) 1, 470 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெபாசிட்டர் 1, 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் 1, 100 நானோஃபாரட் 3, ரெசிஸ்டர்கள் 390 கிலோ ஓம், 3.9 மெகா ஓம், 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ஒவ்வொன்று, 1என்4007 டயோடு 1.

பெட்டியும் ஓட்டையும்

ஆயத்தமாக ஓட்டையுள்ள பெட்டி கிடைக்காவிட்டால் 22.5 மி.மீ. ஸ்டெப் டிரில்லால் போடலாம். வட்ட ஓட்டை மட்டும் போதாது. சுவிட்சின் கழுத்தில் ஒரு சிறு முளை இருக்கும். அது உட்கார ஓட்டையின் விளிம்பில் 3 மி.மீ. அளவில் ஒரு வெட்டு அரத்தால் தேய்க்க வேண்டும். இதைச் சோம்பலால் விட்டவர்களின் சுவிட்ச் சில மாதத்தில் சாவியோடு சேர்ந்து முழுவதுமாகச் சுழலும். பின்னால் வயர் முறுக்கிக்கொண்டு, முதலில் இழை இழையாகவும் பிறகு முழுதாகவும் அறும். சாவி சுவிட்சில் வரும் பழுதுகளில் அடிக்கடி காணப்படுவது இதுதான், தவிர்க்க ஐந்து நிமிடம் போதும்.

பிளாக்குகளோடு சேர்த்துச் சுவிட்ச் பின்னால் எவ்வளவு நீளுகிறது என்று அளந்துவிட்டுப் பெட்டியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். வயர் வளைய இன்னும் 15 மி.மீ. இடம் வேண்டும். பெட்டியை மணிக்கு அருகில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டலாம். விளக்கு கண்ணில் படும் சுவராகப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் மாட்டிய விளக்கை யாரும் பார்ப்பதில்லை.

இணைப்பு

வாசலிலிருந்து வரும் திரும்பு வயர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை என்சி பிளாக்கின் 21ஆம் முனைக்கு. 22ஆம் முனையிலிருந்து மணியின் ‘ஃப்ரண்ட்’டுக்கு. மற்றொரு கிளை முதல் என்ஓ பிளாக்கின் 13ஆம் முனைக்கு. 14ஆம் முனையிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்இடி வழியாக ‘ஆ’வுக்கு. மணி திறந்திருக்கும்போது அழுத்தம் மணிக்குப் போகும். சாவியைத் திருப்பினால் என்சி பிரியும், என்ஓ சேரும். அதே அழுத்தம் சிவப்பு விளக்கை ஏற்றும்.

எல்இடியை ஏசியில் நேரடியாக வைக்கக் கூடாது. அது தாங்கும் எதிர் மின்னழுத்தம் 5 வோல்ட் அளவுதான். பளு இல்லாத நேரத்தில் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 14, 15 வோல்ட் கூடத் தரும். உச்ச மதிப்பு 20 வோல்ட்டைத் தொடும். ஆகவே எல்இடிக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடை எதிர்த்திசையில் சால்டர் செய்யுங்கள். 1 கிலோ ஓம் வழியாக எல்இடிக்குச் சராசரியாக 5, 6 மில்லி ஆம்பியர் கிடைக்கும், நல்ல வெளிச்சம். ரெசிஸ்டரில் ஏறக்குறைய 0.2 வாட் வெப்பம் வருவதால்தான் கால் வாட்டுக்குப் பதில் அரை வாட் சொன்னது.

இரண்டாவது என்ஓ பிளாக், மஞ்சள் விளக்குக்கும் டைமருக்கும் மின்சாரம் தருவது. இதற்கு ‘அ’ முனை பெட்டிக்குள் வர வேண்டும். பல வீடுகளில் ‘அ’ நேராக வாசலுக்குப் போய்விடும். மணிப் பெட்டிக்குள் வராது. அப்போது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு கூடுதல் வயர் இழுத்தாக வேண்டும். டைமர் வேண்டாம் என்பவர்கள் மஞ்சள் எல்இடியையும் அதே 1 கிலோ ஓம், 1என்4148 முறையில் இந்தப் பிளாக்குக்கும் ‘ஆ’வுக்கும் நடுவே போட்டு முடித்துக்கொள்ளலாம்.

திறக்க மறப்பதற்கு மருந்து

எந்த வயரும் அறாமல், எந்தப் பாகமும் எரியாமல் மணி ஒலிக்காமல் போவதற்கு முதல் காரணம் மறதி. பூட்டியவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறார். இதை விளக்கு மட்டும் தீர்க்காது. பூட்டுக்குக் கால வரம்பு இருந்தே ஆக வேண்டும் என்பது என் திடமான கருத்து.

டைமருக்குப் பலரும் எடுக்கும் 555 ஐசியால் நீண்ட நேரம் எண்ணுவது சரிவராது. மணிக்கணக்கில் காத்திருக்கப் பெரிய மின்பகு கெபாசிட்டர் வேண்டும். அதன் கசிவு, ரெசிஸ்டர் தரும் மின்னோட்டத்தை விழுங்கிவிடும். ஒரு நாள் ஒரு மணி நேரம், மறுநாள் முடிவே இல்லை என்று ஆகும். சிடி4060க்குள் சொந்த ஆசிலேட்டரும் 14 படி எண்ணியும் இருப்பதால் சிறிய கெபாசிட்டரே போதும்.

ஒரு துடிப்பின் நேரம் ஏறக்குறைய 2.3 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர். ஐசியின் 10ஆம் காலில் 390 கிலோ ஓம், 9ஆம் காலில் 1 மைக்ரோஃபாரட், 11ஆம் காலில் 3.9 மெகா ஓம், மூன்றின் மறுமுனைகளும் ஒன்றுசேர வேண்டும். இப்போது ஒரு துடிப்பு 0.897 நொடி. 3ஆம் கால், அதாவது 14ஆம் படியின் வெளியீடான கியூ14, 8192 துடிப்புக்குப் பிறகு முதன்முறை உயரும்: 2 மணி 2 நிமிடம். 2ஆம் காலை எடுத்தால் 61 நிமிடம், 1ஆம் காலை எடுத்தால் அரை மணி. பாகம் எதையும் மாற்றாமல் ஒரு வயரை நகர்த்தி நேரத்தை மாற்றலாம். 1 மைக்ரோஃபாரட் கட்டாயம் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். அதன் இரு முனைக்கும் இடையே மின்னழுத்தம் இரு திசையிலும் மாறுவதால் மின்பகு வகை இங்கே தாங்காது.

மின்சாரப் பகுதி: இரண்டாவது என்ஓ பிளாக் வழியாக வரும் ‘அ’வும், ‘ஆ’வும் பிரிட்ஜுக்குள் போகின்றன, பிறகு 470 மைக்ரோஃபாரட், 7812, அதன் உள்ளேயும் வெளியேயும் 100 நானோஃபாரட் ஒவ்வொன்று. ஐசியின் 16ஆம் கால் 12 வோல்ட்டுக்கு, 8ஆம் கால் தரைக்கு (பிரிட்ஜின் எதிர்முனை; வீட்டு எர்த் அல்ல). 12ஆம் காலுக்கு 12 வோல்ட்டிலிருந்து மூன்றாவது 100 நானோஃபாரட், தரைக்கு 100 கிலோ ஓம். சாவியைத் திருப்பி மின்சாரம் வந்த கணத்தில் இது எண்ணியைச் சுழியமாக்கும். இதை விட்டால் எண்ணி ஏதோ ஓர் எண்ணிலிருந்து தொடங்கும். பூட்டிய சில நிமிடத்திலேயே மணி திறந்துகொள்ளும்.

3ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக பிசி547பி-யின் பேஸ். எமிட்டர் தரைக்கு, கலெக்டர் ரிலே சுருளுக்கு, சுருளின் மறுமுனை 12 வோல்ட்டுக்கு. சுருளுக்குக் குறுக்கே 1என்4007, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம். அதே 3ஆம் காலிலிருந்து 11ஆம் காலுக்கு ஒரு 1என்4148, கோடு போட்ட முனை 11 பக்கம். வெளியீடு உயர்ந்ததும் இது ஆசிலேட்டரை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் எண்ணி தொடர்ந்து ஓடி, அடுத்த இரண்டு மணி நேரம் கழித்து மணி மறுபடியும் பூட்டிக்கொள்ளும். நேரத்தை மாற்ற 3ஆம் காலை விட்டு வேறு காலுக்குப் போகும்போது இந்த டயோடும் கூடவே போக வேண்டும்.

ரிலேயின் முதல் துருவத்தில் என்ஓ கான்டாக்டை சாவி சுவிட்சின் 21, 22 முனைகளுக்கு இணையாகப் போடுங்கள். நேரம் முடிந்ததும் ரிலே இழுக்கும், சாவி பூட்டிய நிலையிலேயே மணி ஒலிக்கத் தொடங்கும். இரண்டாவது துருவத்தின் என்சி கான்டாக்ட் வழியாக, 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு, மஞ்சள் எல்இடிக்கு 12 வோல்ட். மணி திறந்ததும் மஞ்சள் அணையும். இந்த இரண்டாவது துருவத்தைச் சிலர் தேவையில்லாத செலவாக நினைப்பார்கள். சாவி எங்கே நிற்கிறது என்பதை விளக்கு சொல்லிப் பயனில்லை. மணி ஒலிக்குமா ஒலிக்காதா என்பதைத்தான் அது சொல்ல வேண்டும்.

சுவரில் மாட்டுமுன் மேசையில் சோதனை. இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டாம்: 10 கிலோ ஓமையும் டயோடையும் தற்காலிகமாக 7ஆம் காலுக்கு மாற்றினால் ஏழு நொடியில் ரிலே இழுக்கும். மீண்டும் சோதிக்கும்போது சாவியைத் திறந்து இரண்டு நொடி விட்டுத் திருப்புங்கள். 470 மைக்ரோஃபாரட் வடிய நேரம் வேண்டும், அது வடியாமல் எண்ணி சுழியமாகாது.

எதிர்பாராத கோளாறுகள்

சிவப்பு விளக்கு யாரும் அழுத்தாமலே மங்கலாக எரிந்தால் வாசல் புஷ்ஷுக்குள் சிறு விளக்கு இருக்கிறது என்று பொருள். அந்த விளக்கு புஷ்ஷின் கான்டாக்டுக்கு இணையாக இருக்கும். மணிச் சுருள் வழியாகச் சில மில்லி ஆம்பியர் இழுத்து எரியும். அந்தக் கசிவு, மணி பூட்டியபோது நம் எல்இடி வழியாகப் போகிறது. சிவப்பு எல்இடியும் ரெசிஸ்டரும் சேர்ந்த கிளைக்கு இணையாக 270 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் கசிவு அந்த வழியே போய்விடும். 5 மில்லி ஆம்பியர் கசிவு 270 ஓமில் 1.35 வோல்ட்தான் தரும். எல்இடி எரிய அது போதாது. அழுத்தும்போது முழு மின்னழுத்தமும் வருவதால் விளக்கு ஒளிரும். வாசல் விளக்கும் தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கும்.

இசை ஒலிக்கும் எலக்ட்ரானிக் மணிகளில் சிலவற்றுக்கு வாசல் புஷ்ஷுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட்டிருப்பார்கள், பாடல் முழுவதும் ஒலித்து முடிக்க. அது பாதி அலையை எப்போதும் விட்டுக்கொண்டிருக்கும். சிவப்பு எல்இடி அந்தத் திசையிலேயே இருந்தால் பூட்டியவுடன் நன்றாகவே எரியும். எல்இடியையும் அதன் துணை டயோடையும் சேர்த்துத் திருப்பிப் போடுங்கள். பாதி அலை துணை டயோடு வழியே போகும், அழுத்தும்போது மறுபாதி வந்து எல்இடி எரியும்.

இத்தகைய மணிகளில் இன்னொரு சிக்கல், புஷ் வயரில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பது. வெள்ளிக் கான்டாக்டின் மேல் படியும் கறையை உடைத்துப் போக அது போதாது. புதிதாக இருக்கும்போது வேலை செய்யும். ஓராண்டில் ஒருமுறை ஒலிக்கும், ஒருமுறை ஒலிக்காது. பத்து மில்லி ஆம்பியருக்குக் குறைந்த சுற்றுக்குத் தங்க முலாம் பூசிய கான்டாக்ட் பிளாக்கும், சிறு சிக்னலுக்கான ரிலேயும் கேளுங்கள்.

பூட்டைப் போட்ட பிறகு ‘டிங் டாங்’ மந்தமாகிவிட்டால் கூடுதல் வயரின் நீளத்தைப் பாருங்கள். 0.5 சதுர மி.மீ. செம்பு வயர் மீட்டருக்கு 0.0345 ஓம். போக 10, வர 10 மீட்டர் என்றால் 0.69 ஓம், 1 ஆம்பியரில் 0.7 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் தெரியாது, 8 வோல்ட் மணியில் தெரியும். நீளம் 20 மீட்டரைத் தாண்டினால் 1 சதுர மி.மீ. வயருக்குப் போங்கள். நீளம் குறைவாக இருந்தும் மந்தம் என்றால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. மணியை அழுத்தியபடி 21, 22 முனைகளுக்கு இடையே ஏசி வோல்ட் அளந்தால் சுழியத்துக்கு மிக அருகில் காட்ட வேண்டும்.

‘டிங்’ கேட்டு ‘டாங்’ கேட்காமல், மணி உறுமிக்கொண்டிருந்தால் உடனே மெயினை இறக்குங்கள். புஷ் உள்ளே சிக்கியிருக்கிறது. சாலினாய்டு சுருள் சில நொடி அழுத்தத்துக்கே ஆனது; நிமிடக்கணக்கில் மின்சாரம் ஓடினால் சூடேறி உருகும்.

சாவி இறுகினால் எண்ணெய் விடும் பழக்கம் பலருக்கு உண்டு. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாக்கும். கதவுப் பூட்டுக்குச் சொல்லும் கிராஃபைட் தூளும் இங்கே வேண்டாம்: கிராஃபைட் மின்சாரம் கடத்தும், உள்ளே உதிர்ந்து கான்டாக்ட்டில் படிந்தால் புதுப் பழுது. உலர்ந்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்பிரே, பிளாக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, சாவித் துளைக்குள் ஒரே ஒரு சொட்டளவு.

சாவி உள்ளவர் மட்டும் அழைக்க

பூட்டிய நேரத்திலும் செவிலியரோ வீட்டு உறவினரோ மணி அடிக்க வேண்டியிருக்கும். அதற்கு வாசலில் இன்னொரு சாவி சுவிட்ச். இம்முறை ஸ்பிரிங்கால் திரும்பும் வகை, சாவி ஓய்வு நிலையில் மட்டும் உருவப்படுவது, ஒரு என்ஓ பிளாக். அதன் ஒரு முனை ‘அ’வில், மறுமுனை தனி வயரில் நேரே மணியின் ‘ஃப்ரண்ட்’டுக்கு, அதாவது உள்பூட்டைத் தாண்டி. வாசலுக்கு இரண்டு வயர் மட்டும் போயிருந்தால் மூன்றாவது இழுக்க வேண்டும். வெளியே இருப்பதால் முகப்பு தூசியும் நீர்த் தாரையும் புகாத ஐபி65 தரத்திலும் சாவித் துளைக்கு மூடியோடும் இருக்கட்டும். எண் 455 இங்கே வேண்டாம்.

230 வோல்ட் மணி

சுவிட்ச் போர்டில் உள்ள பெல் புஷ் நேரே மெயின் மின்சாரத்தை மணிக்கு அனுப்பும் வீடுகளில் மேலே சொன்ன எதையும் அப்படியே செய்யாதீர்கள். சாவி உலோகம், அதைப் பிடிப்பது வெறுங்கை. மணியையும் புஷ்ஷையும் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றுவதே நேரான வழி. 230 வோல்ட் மணியே வேண்டும் என்றால் வாசல் புஷ், சாவி, விளக்குகள் எல்லாம் 12 வோல்ட் பக்கம் இருக்கட்டும்; ‘ஃப்ரண்ட்’ முனையின் இடத்தில் 12 வோல்ட் ஏசி சுருள் கொண்ட ரிலே ஒன்று உட்காரட்டும். அதன் கான்டாக்ட் மணிக்குப் போகும் ஃபேஸ் வயரை வெட்டிச் சேர்க்கும். நியூட்ரலை வெட்டினால் மணி அடங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் இருக்கும். இந்தப் பகுதியைத் தனி மூடிய பெட்டியில், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

சாவி எட்டாத மணிகள்

வயர்லெஸ் பட்டனில் சிஆர்2032 அல்லது 12 வோல்ட் 23ஏ பேட்டரி இருக்கும். பேட்டரியின் ஒரு வயரில் 12 மி.மீ. சிறிய சாவி சுவிட்சைப் போடலாம். ஆனால் விளக்கு வராது, ஊமை மணிதான் கிடைக்கும். அழுத்தத்தின் விசையிலேயே மின்சாரம் எடுக்கும் பேட்டரியற்ற பட்டனில் வெட்ட வயரே இல்லை. வீடியோ டோர்பெல்லில் அதே இரண்டு வயர்தான் கேமராவுக்கும் உணவு. சாவியால் வெட்டினால் கேமராவும் அணையும், உள்ளிருக்கும் பேட்டரியும் வடியும். அதில் ஒலியை அதன் சொந்த அமைப்பிலேயே நிறுத்துங்கள். தீ எச்சரிக்கை, நோயாளி அழைப்பு மணி, பல வீட்டுக்குப் பொதுவான இன்டர்காம் ஆகியவற்றின் வயரில் சாவி எதுவும் சேர்க்கக் கூடாது.

வயரைத் தொட முடியாத இடத்தில் பட்டனுக்கு மேல் பூட்டும் மூடி பொருத்தலாம். 3 மி.மீ. பாலிகார்பனேட் தகடு, ஒரு பக்கம் கீல், மறுபக்கம் கேம் லாக் (திருப்பினால் பின்னால் ஒரு நாக்கு சுழன்று மாட்டும் சிறு பூட்டு). கேம் லாக்குக்கு வட்ட ஓட்டை போடாமல், 19 மி.மீ. விட்டமும் தட்டைப் பக்கங்களுக்கு இடையே 16 மி.மீ. அகலமும் உள்ள ஓட்டை வேண்டும்; இல்லாவிட்டால் அதுவும் சுழலும். மூடியின் உள்பக்கத்துக்கும் பட்டனின் முகத்துக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறைந்தால் யாராவது மூடியில் கை ஊன்றும்போது பட்டனும் சேர்ந்து அழுந்தும். தகடு ஒளி ஊடுருவுவதாக இருப்பது நல்லது: பட்டன் உள்ளே இருப்பதும் பூட்டியிருப்பதும் வந்தவருக்கு ஒரே பார்வையில் தெரியும். மூடியின் மேல் ‘மெதுவாகத் தட்டவும்’ என்றோ, அழைக்க வேண்டிய எண்ணையோ எழுதி ஒட்டலாம். உள்பெட்டியின் மூடிக்குப் பின்னால் இணைப்பு வரைபடம், சாவி எண், டைமர் எந்தக் காலில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் அழியாத பேனாவால் எழுதி வையுங்கள்.